பெண் கேட்க வந்த பேருந்துகள்

அம்மான் நகரத்திலிருந்து, பாறையைக் குடைந்து கட்டிய பழைய ஊரான பெட்ராவுக்குச் சுற்றுலா வண்டி ஏற்பாடு செய்வதுதான் என் பிழைப்பு. என் கணவர் மூன்று வேன்களையும் ஒரு கிழட்டுப் பேருந்தையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடியபோது, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வம்பு, வித்துட்டு நிம்மதியா இரு" என்று புத்தி சொன்னவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நான் விற்கவில்லை. புத்தி சொன்ன அதே ஆட்கள் இன்று அக்டோபர் மாதச் சுற்றுலாக் கூட்டம் வந்தால், "உம் தாமிர், ஒரே ஒரு வேன் இருந்தா சொல்லும்மா" என்று என் அலுவலக வாசலில் நிற்கிறார்கள். உம் தாமிர் என்றால் தாமிரின் அம்மா, நான்தான். நானும் ஒரு டீ கொடுத்து, இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.

என்னிடம் வேலை பார்க்கும் ஓட்டுநர்களில் சுஹைப் ஒருவன்தான் பெட்ரா என்றால் முகம் சுளிக்காதவன். மற்றவர்களுக்குப் பாலைவனச் சாலை என்றாலே கொட்டாவி வரும். இவன் மட்டும் முந்தைய நாளே வண்டியைக் கழுவி, தானும் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் தொழில் பக்தி என்று நினைத்துவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், பெட்ராவை ஒட்டிய வாதி மூசா ஊரில் எங்கள் பயணிகள் தங்குகிற விடுதியின் சமையற்கட்டில் ஜவாஹிர் என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொடுப்பது அவள். எல்லா ஓட்டுநருக்கும் ஒரு அவித்த முட்டை. சுஹைபுக்கு மட்டும் இரண்டு. ஏறக்குறைய ஒரு வருடம் முட்டைதான் பேசியது. அதற்கப்புறம்தான் இவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

சுஹைபுக்குத் தகப்பன் இல்லை. பெரியப்பன்மார்களில் ஒருவர் குவைத்தில், இன்னொருவர் சிலியில். இருவரும் பெருநாளைக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வதோடு சரி. அம்மாவும் அவனும்தான் வீடு. முதல்முறை பெண் கேட்கப் போனபோது தாய்மாமனை மட்டும் கூட்டிக்கொண்டு போனான். மாமனுக்குக் காது மந்தம். பெண்ணின் தகப்பனார் அபூ கானிம் இருவருக்கும் வயிறாரச் சோறு போட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பி, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"தம்பி, உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா உனக்குப் பின்னாடி ஆளே இல்லையேப்பா. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என் பொண்ணு யார் வீட்டுக் கதவைத் தட்டும்?"

மாமன் சந்தோஷமாகத் தலையாட்டினாராம்.

அபூ கானிம் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் சுஹைபுக்கு அதிகமாக வலித்தது. ஜவாஹிர் அழவில்லை, சண்டை போடவில்லை. தகப்பனுக்கு வைக்கிற சோற்றில் மட்டும் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் தாக்குப்பிடித்தார் மனிதர். பிறகு சொல்லி அனுப்பினார்: வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் பையன் முறைப்படி ஆட்களோடு வரட்டும், வராவிட்டால் சனிக்கிழமை என் அண்ணன் மகனுக்கு வாக்குக் கொடுத்துவிடுவேன். அண்ணன் மகனுக்குத்தான் எங்கள் ஊரில் முதல் உரிமை. அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது.

மறுநாள் காலை சுஹைப் என் மேசை முன்னால் வந்து நின்றான்.

"சித்தி, வெள்ளிக்கிழமைக்கு பெட்ராவுக்கு ஒரு பஸ் வேணும்."

"எந்த குரூப்புக்கு?"

"எனக்கு."

விவரம் சொன்னான். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் என் மூக்குக்குக் கீழேயே முட்டை சாப்பிட்டிருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டி முடித்துவிட்டு வேலையில் இறங்கினேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நான் அந்த வாரம் அதில் பாதியாவது சொல்லியிருப்பேன், வண்டி கேட்ட வாடிக்கையாளர்களிடம்.

ஏற்பாடு இப்படி: கிழட்டுப் பேருந்தில் சுஹைபின் தெருக்காரர்கள், பள்ளிவாசல் ஆட்கள், அவனோடு படித்தவர்கள். என் நல்ல காரில் அபூ சக்ர். இந்த அபூ சக்ர் ஓய்வு பெற்ற அதிகாரி. அம்மானில் பாதிக் கல்யாணங்கள் இவர் நாக்கில் முடிந்தவை. பெண் கேட்கப் போகும் கூட்டத்துக்குத் தலைவராக இவர் உட்கார்ந்தால், இல்லை என்று சொல்ல நினைத்தவரும் எழுந்து கட்டிப்பிடிப்பார். மூன்றாவதாக வேன். அதில் சுஹைப், காது மந்த மாமன், இனிப்புத் தட்டுகள். கிழட்டுப் பேருந்தை ஓட்டியவனைத் தவிர என் மற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் பயணிகளோடு போய்விட்டதால் வேனை நானே ஓட்டினேன். பெண் கேட்கும் இடத்தில் பெண்களுக்கு வேலை இல்லைதான். ஆனால் ஓட்டுகிறவளை யார் இறக்கிவிடுவது?

வழியில் கத்ரானா ஊரைத் தாண்டும்போது முதல் அழைப்பு வந்தது. பின்னால் வந்த பேருந்தின் கியர் பெட்டி போய்விட்டது. தெருக்காரர்கள் எல்லோரும் கோட்டும் சூட்டுமாகச் சாலையோரம் நிற்கிறார்கள்.

இரண்டாவது அழைப்பு அபூ சக்ரிடமிருந்து.

"உம் தாமிர், நான் கரக் வழியா வர்றேன்."

"ஏன் ஹாஜி? நேர் ரோடு இருக்கையில மலைப்பாதையில எதுக்கு வளைஞ்சு வளைஞ்சு?"

"இங்க என் பழைய சிநேகிதர் ஒருத்தர். வாசல்ல நின்னு ஒரு சலாம் சொல்லிட்டுக் கிளம்பிடலாம்னுதான் வந்தேன்."

"சரி, சலாம் சொல்லியாச்சா? கிளம்பிட்டீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆடு அறுத்துட்டாரும்மா."

எங்கள் நாட்டில் இந்த வாக்கியத்துக்குப் பதில் கிடையாது. உங்களுக்காக ஆடு அறுத்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் எழுந்தால், அந்தச் சிநேகிதம் உங்கள் பேரன் காலத்திலும் ஒட்டாது. அது தெரிந்தவர், போகிற வழியில் சிநேகிதன் வீட்டு வாசலை மிதித்திருக்கவே கூடாது. மிதிக்காமல் போவதும் எங்களால் முடியாது. என்ன செய்ய!

வேனை ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குத் தெரிந்த எல்லா அலுவலகத்துக்கும் போன் போட்டேன். கத்ரானாவில் நிற்கிறவர்களை ஏற்றிவர ஒரு பேருந்து, ஒரு மினி பஸ், ஒரு லாரியாவது? எல்லா இடத்திலும் ஒரே பதில். "அக்டோபர் வெள்ளிக்கிழமை உம் தாமிர்! எல்லா வண்டியும் பெட்ராவுக்குப் போயிருக்கு."

சுஹைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தன் புதுச் சட்டையின் கைப்பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான். பட்டன் கையோடு வந்துவிட்டது.

"வண்டியைத் திருப்புங்க சித்தி. மாமாவையும் என்னையும் மட்டும் பார்த்தா அவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது தடவை அதைக் கேட்க வேணாம்."

"வாயை மூடிட்டு உட்காரு. இவ்வளவு இனிப்பையும் நான் ஒருத்தியே தின்ன முடியாது."

அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கும் ஒரு வழியும் தெரியவில்லை. அவனுக்கு இருப்பது இந்த ஒரு மத்தியானம். போனால் போனது. இந்தப் பையன் இன்னொரு பெண்ணைத் தேடுகிற ஜாதி இல்லை என்று எனக்குத் தெரியும். கடைசிவரை என் வேனைக் கழுவிக்கொண்டே இருந்துவிடுவான்.

வாதி மூசாவில் இறங்கியதும் பெட்ரா வாசலருகே இருக்கும் வாகன நிறுத்தத்துக்கு வண்டியை விட்டேன். முகம் கழுவிக்கொள்ளத்தான். அங்கே பார்த்தால், பேருந்துக்குப் பேருந்து இடித்துக்கொண்டு நிற்கிறது. அம்மான், இர்பித், மதபா, சல்த் என்று நாட்டில் உள்ள சுற்றுலா வண்டியெல்லாம் அங்கேதான். பயணிகள் எல்லோரும் பள்ளத்தாக்குக்குள் போய்விட்டார்கள்; மாலைதான் வெளியே வருவார்கள். ஓட்டுநர்கள்? நிழலில் சீட்டு ஆடுகிறவன், டீ போடுகிறவன், பேருந்துக்கு அடியில் உள்ள சாமான் அறையைத் திறந்து உள்ளே பாய் விரித்துத் தூங்குகிறவன்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

ஆனால் இவர்களை எழுப்ப ஒரு ஆள் வேண்டும். ஓட்டுநர்கள் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள், அபூ பவ்வாஸ் சொன்னால் மட்டும் கேட்பார்கள். அபூ பவ்வாஸ் வேறு கம்பெனி ஆள். என் அகபா ஊர் வாடிக்கையாளர்களை அலுங்காமல் தட்டிக்கொண்டு போன மகராசன். அவரைச் சாலையில் பார்த்தால் நான் கண்ணாடியை ஏற்றிவிடுவது வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய பேருந்தின் சாமான் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே குறட்டை நின்றது.

"யாருடா அது?"

"நான்தான். உம் தாமிர்."

"உம் தாமிரா! என்ன, உலகம் முடியிற கியாமத்து நாள் வந்துடுச்சா?"

"வரட்டும். அதுக்கு முன்னாடி நீங்க எழுந்திருங்க. ஒரு பையனுக்குப் பெண் கேட்கப் போகணும். ஆளில்லாம நிக்கிறோம்."

"உன் பையனுக்கா? உன் கம்பெனிக்காக நான் ஒரு தும்மல்கூடத் தும்ம மாட்டேன், தெரியுமில்ல?"

"சுஹைபுக்கு."

தடாலென்று ஒரு சத்தம். எழுந்த வேகத்தில் மேலே தலையை இடித்துக்கொண்டார். தலையைத் தேய்த்தபடி வெளியே வந்தார்.

"அதை முதல்ல சொல்றதில்லையா? போன பனிக்காலத்துல ஷோபக் மேட்டுல என் பஸ் மாட்டிக்கிச்சு. ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டிய கூட்டம், உள்ள ஒரே அழுகை. இவன்தான் என் ஆளுங்களை ரெண்டு நடையா அவன் வேன்ல ஏத்திட்டுப் போய் ப்ளேனுக்கு விட்டான்."

"அவன் வேன்லயா? என் வேன்லயா?"

"உன் வேன்லதான். உன் பெட்ரோல்தான்." சிரித்தார். "உங்கிட்ட சொல்லலையாக்கும்?"

சுஹைப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அபூ பவ்வாஸ் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். சீட்டு ஆடியவர்கள் சீட்டைப் போட்டார்கள். சாமான் அறைகளிலிருந்து கால்கள் நீண்டன. "சுஹைபுக்குப் பெண் கேட்கப் போறோம், எழுந்திருங்கடா!" என்றார். ஒருவனுக்கு சுஹைப் டயர் மாற்ற உதவியிருக்கிறான், இன்னொருவனுடைய பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் நடையை இவன் ஓட்டியிருக்கிறான், இப்படி ஆளுக்கொரு கதை. என்னிடம் ஒன்றும் வந்து சேராத கதைகள். எல்லோரும் அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக இருந்தார்கள். வாசலில் நினைவுப் பொருள் விற்கும் கடைக்காரன் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணிகளை அள்ளிக் கொடுத்தான். அவனும் வாதி மூசாக்காரன்தான், பெண் வீட்டுக்கு உறவு. "அழுக்காக்காம கொண்டாங்க" என்று மட்டும் சொன்னான். விலைச்சீட்டைப் பிய்க்க யாருக்கும் நேரமில்லை.

பேருந்துகள் வரிசையாக மலையேறின. முன்கண்ணாடிகளில் இத்தாலிக் குழு, கொரியக் குழு, ஓய்வுபெற்ற ஆசிரியர் குழு என்று அட்டைகள் அப்படியே இருந்தன.

அஸர் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் அபூ கானிமின் வாசலில் இறங்கினோம். அவர் தன் உறவுக்காரர்களோடு வெளியே நின்றிருந்தார். இறங்க இறங்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து அவருடைய புருவம் ஏறிற்று. எல்லோரும் சேர்ந்து தொழுதார்கள். பிறகு ஆண்கள் கூடத்துக்குள் போனார்கள். நான் பின்பக்கமாகச் சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். கூடத்தைப் பார்க்க அங்கே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அந்த ஜன்னல் இல்லாவிட்டால் எங்கள் பெண்கள் எப்படிப் பிழைப்பது?

ஜவாஹிரை அன்றுதான் பார்த்தேன். உயரமான பெண், கையில் கரண்டி. "இவ்வளவு பேரும் அவரோட ஆளுங்களா?" என்று கேட்டாள். "பேசாம பாரு" என்றேன்.

கசப்புக் காப்பி வந்தது. அபூ சக்ர் உட்கார வேண்டிய இடத்தில் அபூ பவ்வாஸ் உட்கார்ந்திருந்தார், காதோரம் விலைச்சீட்டு தொங்க. கோப்பையை வாங்கி, குடிக்காமல் முன்னால் கீழே வைத்தார். எல்லோரும் அப்படியே வைத்தார்கள். வந்த காரியம் கிடைக்கும்வரை அந்தக் காப்பியை யாரும் தொட மாட்டார்கள். கிடைக்காமல் எழுந்து போனால், குடிக்காத கோப்பை அந்த வீட்டுக்கும் அவமானம், வந்தவர்களுக்கும் அவமானம்.

"காப்பியைக் குடிங்க" என்றார் அபூ கானிம், முறைக்கு.

அபூ பவ்வாஸ் தொண்டையைக் கனைத்தார். வாழ்நாளெல்லாம் மைக்கில் பேசிப் பழகிய ஒரே பேச்சு வாய்க்கு வந்தது. "அன்பான பயணிகளே..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, முகம் சிவந்துபோனார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நான் முறைத்தேன்.

"அபூ கானிம், எனக்குப் பேச வராது" என்றார். "உங்க பொண்ணு ஜவாஹிரை எங்க பையன் சுஹைபுக்குக் கேட்டு வந்திருக்கோம். அவ்வளவுதான்."

"நீங்க பையனுக்கு என்ன உறவு?"

"ரத்த உறவா? ஒண்ணும் இல்ல."

"இவங்க?"

"இவங்களும் அப்படித்தான். எல்லாரும் டிரைவருங்க. பாதிப் பேரு வேற வேற கம்பெனி."

என் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதரை நாடு முழுக்கத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்! அபூ கானிம் தாடியைத் தடவினார். "அப்போ இன்னைக்கு ஒரு நாளைக்குச் சேர்ந்த கூட்டம்" என்றார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இப்படியான மௌனத்தில் எங்கள் பெரியவர்கள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

வெயில் சாய ஆரம்பித்தது. அப்போது ஒரு போன் அடித்தது. ஓட்டுநர் ஒருவன் எடுத்துப் பார்த்து அணைத்தான். இன்னொன்று. அதுவும் அணைந்தது. பிறகு கூடம் முழுக்க விதவிதமான மணிகள். பயணிகள் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள்; வண்டியைக் காணவில்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்கள். எழுந்தவர் ஒருவரும் இல்லை.

என் பையிலும் அடித்தது. என் குழுவின் வழிகாட்டிதான். அந்தக் குழுவை ஏற்றிவந்த என் ஓட்டுநர் இந்தக் கூடத்தில், சுஹைபுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தான். வாடிக்கையாளரை நிற்க வைத்தால் என் கம்பெனியில் சம்பளம் போகும், வேலையும் போகும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் சமையற்கட்டில் இருப்பதும் தெரியும். ஜன்னல் பக்கம் ஒரு முறை பயந்து பார்த்தான். நான் போனை அணைத்து மாவு டப்பாமேல் வைத்துவிட்டேன். போகட்டும்.

"யாரு கூப்பிடுறது?" என்று கேட்டார் அபூ கானிம்.

"எங்க குரூப்பு எல்லாம் வெளிய வந்துடுச்சு ஹாஜி" என்றான் ஒருவன்.

"அப்போ நீங்க போகணுமே?"

"போகணும்" என்றார் அபூ பவ்வாஸ். "ஆனா கோப்பை அப்படியே இருக்கே."

"முதலாளி சும்மா விடுவாரா? வேலை போயிடாது?"

"போகலாம். எங்களுக்கு வேற கம்பெனி கிடைக்கும் ஹாஜி. இவனுக்கு வேற வெள்ளிக்கிழமை கிடைக்காது."

அபூ கானிம் அந்தக் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ரப்பர் செருப்புகள், விலைச்சீட்டுகள், அணைத்த போன்கள். சுஹைபைப் பார்த்தார். அவன் தலை நிமிரவே இல்லை. பிறகு காப்பிப் பானையோடு நின்ற தன் மகனைக் கூப்பிட்டார்.

"கானிம், காப்பி ஆறிப்போச்சு பாரு. எல்லாத்தையும் எடுத்துட்டுச் சூடா ஊத்து. வீட்டு மனுஷங்களுக்கு யாராவது ஆறின காப்பி குடுப்பாங்களா?"

கோப்பைகள் மாறின.

"குடிங்க" என்றார். "உங்க பொண்ணு. கூட்டிட்டுப் போங்க."

சமையற்கட்டில் கிளம்பிய குலவைச் சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. ஜவாஹிர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்! உள்ளே அத்தனை பேரும் ஒரே மடக்கில் குடித்து, பேச்சை உறுதி செய்கிற பாத்திஹாவை நின்றபடியே ஓதி, வாசலுக்கு ஓடினார்கள். ஜன்னல் வழியே பார்க்கும்போது அபூ கானிமும் அவர்களோடு ஓடிக்கொண்டிருந்தார், ஒரு கையில் பானை, மறு கையில் கோப்பைகள்.

நான் வேனில் பின்னாலேயே போனேன். பெட்ரா வாசலில் பயணிகள் கூட்டம் கூட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வழிகாட்டிகள் எல்லோரும் பாய்ந்து வந்தார்கள். ஒரு இளைஞன் அபூ பவ்வாஸை நோக்கிக் கையை ஓங்காத குறையாகக் கத்தினான். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? ஒருத்தனாவது போனை எடுத்தீங்களா?"

முதல் பேருந்திலிருந்து அபூ கானிம் இறங்கி இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவரைத் திட்டாதப்பா. லேட் ஆனது என்னால. இவங்க என் சம்பந்தி வீட்டு ஆளுங்க, காப்பி குடிக்காம நான்தான் விடல."

இளைஞன் வரிசையாக நிற்கும் பேருந்துகளைப் பார்த்தான். ஒவ்வொன்றிலிருந்தும் சிவப்புத் தலைத்துணியோடு இறங்குகிறவர்களைப் பார்த்தான்.

"இவங்க எல்லாருமா?"

"எல்லாரும்தான்" என்றார் அபூ கானிம், தரையில் உட்கார்ந்திருந்த ஒரு கொரியக் கிழவரிடம் முதல் கோப்பையை நீட்டியபடி. "மாப்பிள்ளைக்குப் பெரிய குடும்பம்ப்பா."